வளைந்த முதுகும் வாரத்தில் ஒரு மணி நேரமும்

பதினான்கு வயதுப் பிள்ளை முதுகு வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் பதில் தயாராக இருக்கும். பை கனம், எந்நேரமும் போனைக் குனிந்து பார்க்கிறாய், வளர்கிற வயதில் அப்படித்தான். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் வாயுப் பிடிப்பு என்று இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் காய்ச்சித் தடவி நீவிவிடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலி சில வாரங்களில் தானாகவே போய்விடுவதால் இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

போகாத பிள்ளைகளைப் பற்றியது இக்கட்டுரை. அதிலும், முதுகுத்தண்டிலேயே ஒரு கோளாறு இருந்து அதோடு வலியும் சேர்ந்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கு உடற்பயிற்சி உதவுமா, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. அந்தத் தெளிவைக் கல்வராயன் மலையின் ஒரு பள்ளிக்கூடம் வரை கொண்டுபோக என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் புத்தகப்பையை இறக்கி வைத்துவிடுவோம். சுமையைக் குறைக்கத் தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசின் கொள்கை சொன்னது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் 69 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2018-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, பைதான் பிள்ளைகளின் முதுகு வலிக்குக் காரணம் என்று நம்பவைக்கும் சான்று இல்லை என்றே முடித்தது. பையைக் குறை சொல்வதில் ஒரு வசதி உண்டு: முதுகைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

திறந்து பார்த்தால் என்னென்ன தென்படும்? அதிகம் பேசப்படுவது ஸ்கோலியோசிஸ். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்ளும் கோளாறு அது. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் முறையை 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காப் வகுத்தார். 10 பாகைக்கு மேல் போனால் ஸ்கோலியோசிஸ் என்பது இன்றுவரை வழக்கு. 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் காரணம் தெரியாது. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலருக்கும் வரும். பெரிதாக வளர்பவை பெண்பிள்ளைகளிடம்தான் பல மடங்கு அதிகம். அடுத்தது ஷாயர்மன் கூன்: நடுமுதுகில் அடுத்தடுத்த மூன்று முள்ளெலும்புகளாவது முன்பக்கம் ஆப்பு போலக் குறுகி, முதுகு உருண்டு நிற்கும். நிமிர்ந்து உட்கார் என்று அதட்டி இதைச் சரிசெய்ய முடியாது. மூன்றாவது ஸ்பாண்டிலோலைசிஸ். திரும்பத் திரும்பப் பின்னால் வளைவதாலும் முறுக்குவதாலும் இடுப்பின் கடைசி முள்ளெலும்பில், பின்புற வளையத்தின் ஒல்லியான பகுதியில், மயிரிழை போல ஒரு விரிசல் விழும். வேகப்பந்து வீசும் பையன்களுக்கும் தாவி அடிக்கும் வாலிபால் பிள்ளைகளுக்கும் இது வரும். முதுகு வலியோடு வந்த இளம் விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்த பாஸ்டன் ஆய்வொன்றில் (1995) ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த விரிசல் இருந்தது.

நான்காவதை மேல்நாட்டு நூல்கள் ஓரத்தில் வைத்துவிடும். நாம் வைக்க முடியாது. அது முதுகெலும்புக் காசநோய். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரலாறே உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நுரையீரல் காசநோயாளிகளை விடுதியில் அடைத்து வைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டியது. பின்னாளில் முதுகெலும்புக் காசநோயிலும் அதே வகைக் கேள்வியை அது கேட்டது: படுக்கையில் போடாமல், அறுவைச் சிகிச்சை இல்லாமல், நடமாடவிட்டே மாத்திரை கொடுத்தால் போதுமா? பத்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பு 1999-இல் வெளியானபோது, பெரும்பாலானோருக்குப் போதும் என்று விடை வந்தது. ஆனால் வளரும் பிள்ளைகளின் கதை வேறு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் எழுதினார். நோய் ஆறிய பிறகும் வளர்ச்சிக் காலம் முழுதும் சுமார் ஐந்தில் இருவருக்குக் கூன் ஏறிக்கொண்டே போனது. வேறு சிலருக்குத் தானே குறைந்தது. யாருக்கு ஏறும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் அடையாளங்களையும் அவர் குறித்துக் கொடுத்தார். முதுகுத்தண்டு மருத்துவம் படிப்பவர்கள் உலகெங்கும் இன்று அவற்றைக் கற்கிறார்கள்.

உடற்பயிற்சிக் கட்டுரையில் காசநோய்க்கு இத்தனை வரிகள் ஏன் என்றால், பயிற்சி தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியா? மாலைக் காய்ச்சல் உண்டா? எடை குறைகிறதா? வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலா? காலில் வலு குறைந்திருக்கிறதா, சிறுநீர் அடக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பயிற்சி நிற்கட்டும், எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் முதலில். இந்த முதுகை நீவுவதும் சொடுக்கெடுப்பதும் ஆபத்து. கட்டுக் கட்டுபவர்களிடம் கைத்திறன் இருக்கலாம். சீழ் கோத்த எலும்பு தொட்டுப் பார்த்தால் தெரியாது.

இனிப் பயிற்சி. ஸ்கோலியோசிஸ் பயிற்சியின் வரலாறு ஒரு நோயாளியிடமிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியின் கத்தரீனா ஷ்ரோத்துக்கு வளைந்த முதுகு. சிறுவயதில் முதுகை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கச்சை போட்டுச் சலித்தவர். மூச்சை இழுத்தால் பந்து உப்புவதுபோல, அமுங்கிப் போன பக்கத்து விலாவுக்குள் மூச்சைச் செலுத்தி உள்ளிருந்தே அதை உப்பவைத்தால் என்ன என்று கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே முயன்று பார்த்தார். 1921-இல் மைசென் நகரில் சிறிய பயிற்சி நிலையம் தொடங்கினார். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவ உலகம் அவரை நெடுங்காலம் மதிக்கவும் இல்லை. இன்று அவர் பெயரிலான முறை பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. அதன் சாரம்: எந்தப் பக்கம் வளைந்திருக்கிறோம் என்று பிள்ளை தானே உணர்வது, அதற்கு எதிராக உடலை நீட்டிப் பிடிப்பது, குழிந்த பக்கம் மூச்சை நிரப்புவது, அந்த நிலையை உட்காரும்போதும் நடக்கும்போதும் காப்பது.

இது வளைவைக் குறைக்குமா? இங்கேதான் விளம்பரமும் உண்மையும் பிரிகின்றன. கனடாவில் 50 பேரை வைத்து நடந்த சோதனையில் (2016) ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் வளைவு சில பாகைகள் குறைந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்குச் சற்றுக் கூடியது. இத்தாலியில் 110 பேரைக் கொண்ட சோதனையும் (2014) இதே திசையில் நம்பிக்கை தந்தது. ஆனால் சுவீடனில் 135 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, இரவில் மட்டும் கச்சை, ஸ்கோலியோசிஸ் பயிற்சி, வெறும் உடலுழைப்பு என்று ஒப்பிட்டார்கள். வளைவு ஏறாமல் நின்றது கச்சைக் குழுவில் நூற்றுக்கு 76 பேருக்கு, தனிப்பயிற்சிக் குழுவில் 58 பேருக்கு, வெறும் உடலுழைப்பில் 53 பேருக்கு. பயிற்சிக்கும் உடலுழைப்புக்கும் இடையிலான இந்தச் சிறு வேறுபாட்டை வைத்து யாரும் மார்தட்ட முடியாது. கச்சையின் பலனை அமெரிக்காவின் பெரிய ஆய்வு (2013) முன்பே காட்டியிருந்தது: அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குப் பலன், அணியாதவர்களில் 48 பேருக்கு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணிகிறார்களோ அத்தனைக்குப் பலன் ஏறியது.

ஆகவே, பயிற்சியாலேயே முதுகை நேராக்கித் தருகிறோம் என்று பலகை மாட்டியிருந்தால் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடலாம். வளரும் வயதில் 25 பாகையைத் தொட்ட வளைவுக்கு எலும்பு மருத்துவரும் கச்சையும் வேண்டும், பயிற்சி துணைக்கு.

வலி வேறு கணக்கு. ஸ்கோலியோசிஸ் வலிக்காது என்று ஒரு காலத்தில் பாடம் சொன்னார்கள். டல்லாஸ் நகரின் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் 2,442 பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்தபோது (1997), முதல் வருகையிலேயே நூற்றுக்கு 23 பேர் முதுகு வலி சொல்லியிருந்தார்கள். வளைவின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேரான பொருத்தம் கிடையாது. 15 பாகைக்காரர் அழுவார், 40 பாகைக்காரர் கில்லி ஆடிக்கொண்டிருப்பார். ஆக, வளைவைக் குறைக்காமலே வலியைக் குறைக்க இடம் இருக்கிறது. அதே ஊரில் 2015-இல் நடந்த சிறிய சோதனை இதைத்தான் காட்டியது. ஸ்கோலியோசிஸும் இடுப்பு வலியும் சேர்ந்த 34 பதின்வயதினர். ஒரு பாதிக்கு ஒரே ஒரு தடவை பயிற்சியைக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். மறுபாதி எட்டு வாரம், வாரம் ஒருமுறை, பிசியோதெரபிஸ்ட்டின் கண்முன் செய்தார்கள். எட்டு வார முடிவில் கூட இருந்து பார்க்கப்பட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது, தங்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது. வியப்பு என்னவென்றால், முதுகுத் தசையின் தாங்குதிறனில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். தசை வலுத்ததால் மட்டும் வலி போகவில்லை. பிறகு எதனால்? என் கணிப்பு: ஒருவர் வாரந்தோறும் வந்து, இந்தக் கையை இன்னும் கொஞ்சம் நீட்டு, போன வாரத்தைவிட நன்றாக நிற்கிறாய், இந்த வலிக்குப் பயப்படாதே என்று சொல்வதே மருந்தில் பாதி. எப்போது வலிக்கும் என்று தெரியாமல் அஞ்சிக் கிடந்த பிள்ளைக்குத் தன் உடல் தன் கையில் இருக்கிறது என்ற தைரியம் வருகிறது. வீட்டில் செய் என்று தாளில் அச்சடித்துக் கொடுப்பது மருத்துவமனையின் மனச்சாட்சிக்கு உதவும். அந்தத் தாள் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கோளாறு எதுவும் இல்லாத சாதாரண முதுகு வலியிலும் இதே போக்குதான். தென்னாப்பிரிக்காவில் 12, 13 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை வைத்து நடந்த சோதனையில் (2009) எட்டு வாரக் குழுப் பயிற்சி வகுப்புக்குப் பின் வலி குறைந்து, மாதக்கணக்கில் அந்தப் பலன் நின்றது. கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஸ்பாண்டிலோலைசிஸ் வலிக்கும் பயிற்சி உதவும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 1997-இல் வந்த சோதனை பெரியவர்களிடம் நடந்தது: வயிற்றின் அடித்தசையையும் முள்ளெலும்பை ஒட்டிய சிறு தசைகளையும் இயக்கப் பத்து வாரம் பழக்கினார்கள், முப்பது மாதம் கழித்தும் வலி குறைந்தே இருந்தது. இளம் வீரர்களிடம் 2017-இல் நடந்த ஆய்வு, பத்து வாரம் ஆவதற்குள் பயிற்சிச் சிகிச்சைக்கு வந்தவர்கள் தாமதமாக வந்தவர்களைவிட ஏறக்குறைய 25 நாள் முன்னதாக மைதானத்துக்குத் திரும்பினார்கள் என்றது. மூன்று மாதம் அசையாமல் படு என்ற பழைய கட்டளை தளர்ந்துவருகிறது. விளையாட்டை நிறுத்துவது வேறு, உடலை நிறுத்துவது வேறு.

யோகா பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பள்ளிகளில் கையோடு கிடைப்பது அதுதான். பக்கவாட்டில் ஒரு கை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிக்கும் வசிஷ்டாசனத்தை வளைவு புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி செய்யவைத்த ஒரு சிறு முயற்சி (2014) நல்ல பலன் சொன்னது. 25 பேரை மட்டும் வைத்து, ஒப்பீட்டுக் குழுவும் இல்லாமல் செய்தது என்பதால் ஆவலோடு பார்க்கலாம், சத்தியம் செய்ய முடியாது. ஆனால் யோகா தினத்துக்காக வரிசையில் நிறுத்திச் சக்கராசனமும் தனுராசனமும் செய்யவைக்கும்போது, அந்த வரிசையில் ஸ்பாண்டிலோலைசிஸ் விரிசலோடு ஒரு பிள்ளை நின்றால் பின்னால் வளையும் ஒவ்வொரு தடவையும் விரிசலை நோண்டுவதாகும். எல்லா முதுகுக்கும் ஒரே ஆசனம் என்பது தவறு.

கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறும் பாதை கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய். விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் சுமப்பது இங்கே பிள்ளைகளின் அன்றாடம். இப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் உடற்பயிற்சி செய் என்றால் அவள் சிரிப்பாள். சிரிக்க நியாயம் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு உடலுழைப்பு இல்லை என்பது குறை. இவளுக்கு அது குறையே இல்லை. இவளுக்கு வேண்டியது கூடுதல் உழைப்பல்ல, தன் வளைவுக்கு ஏற்றபடி உடலைப் பிடிக்கும் பழக்கம். மண்டியிட்டு எதிர்க்கையும் எதிர்க்காலும் நீட்டிப் பத்து மூச்சு நிற்பது, மல்லாந்து இடுப்பைத் தூக்கிப் பாலம் கட்டுவது, சுவரில் சாய்ந்து உச்சந்தலையை மேலே நீட்டுவது. சுமையை எப்படித் தூக்குவது என்பதும் பாடத்திலேயே வரவேண்டும். இனிச் சுமக்காதே என்று எழுதிக் கொடுக்கும் மருந்துச்சீட்டு அந்த வீட்டின் அடுப்பைப் பற்றி எதுவும் அறியாதது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றாலே விழுப்புரம், சேலம், புதுச்சேரி என்று அலைந்த மக்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் எட்டு வாரம், வாரம் ஒருமுறை என்பதை மலையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும், கூட வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது வாரம் அவர்கள் வரமாட்டார்கள். வந்தவரைக்கும் கரண்ட் வைத்தார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மின்கருவிச் சூட்டில் அன்றைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மலை ஊர்களின் சாலை, மருத்துவம் பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக் கேள்வி கேட்டது. அந்த அளவுக்கு இது பழைய குறை.

ஆள் இல்லையா என்றால், ஏட்டில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வட்டார அளவில் பிசியோதெரபிஸ்ட்டை வீடு தேடி அனுப்புகிறது. ஆனால் அவர் போகும் வீடுகள் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களுடையவை, மூட்டு தேய்ந்த முதியவர்களுடையவை. பள்ளிக் கல்வித் துறையின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் இயன்முறை மருத்துவர் உண்டு. அவர் பார்ப்பது மாற்றுத்திறன் பிள்ளைகளை. 2013 முதல் பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் முப்பது நோய்கள் கொண்ட பட்டியலில் வளைபாதம் இருக்கிறது, இடுப்பு மூட்டு விலகல் இருக்கிறது. பதின்வயது ஸ்கோலியோசிஸ் தனிப் பெயராக இல்லை. நடக்கிற, ஓடுகிற, ஆனால் முதுகு வலிக்கிற பிள்ளை இந்த மூன்று ஏற்பாடுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது கடினமே அல்ல. வெறும் முதுகோடு கால் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பது. ஒரு பக்க விலா மேடிட்டுத் தெரிந்தால் அளந்து அனுப்புவது. வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1865-இல் எழுதிய சோதனை, இன்றும் அதே. பெண்பிள்ளைகளுக்கு 10, 12 வயதில் இருமுறை, பையன்களுக்கு 13 அல்லது 14-இல் ஒருமுறை பார்க்கலாம் என்பது முதுகுத்தண்டு மருத்துவச் சங்கங்களின் பரிந்துரை. எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதால் நன்மை உண்டா என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னதையும் மறைக்க வேண்டியதில்லை. வீண் எக்ஸ்ரேயும் வீண் கவலையும் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை மருத்துவர் கண்ணில் படுகிறார்கள். இங்கே பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் ரவிக்கை தைக்கும் தையற்காரர்: ஒரு தோள் ஏறியிருக்கிறதே என்பார். வெளியே சொன்னால் கல்யாணப் பேச்சில் வருமோ என்று தாய் வாயை மூடிக்கொள்வார். ஆகவே பார்ப்பவர் பெண்ணாக இருப்பதும், மறைவான அறை இருப்பதும் இங்கே சோதனையின் பகுதிகள்.

கண்டுபிடித்த பிள்ளைக்குப் பயிற்சியை வீட்டருகே கொண்டுபோக வெளிநாட்டு முன்மாதிரி வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் கழுத்து முதுகுத்தண்டு அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். அந்த நிறுவனம் கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிபுணரின் மேற்பார்வையில் வீட்டுக்கே சிகிச்சையைக் கொண்டுபோகிறது. நிபுணர் எப்போதாவது வந்தால் போதும், கூட இருப்பவர் அடிக்கடி வர வேண்டும் என்பதே அதன் தர்க்கம். கல்வராயனில் கூட இருப்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே தங்குகிறார்கள், மாலையில் மைதானத்தில் இருக்கிறார்கள், பி.டி. மாஸ்டரும் விடுதிக் காப்பாளரும் அங்கேயே இருக்கிறார்கள். 300 பிள்ளைகள் உள்ள பள்ளியில் உலகச் சராசரிப்படி ஆறு முதல் ஒன்பது பேருக்கு வளைவு இருக்கும். வலியுள்ளவர்கள் அதில் ஒன்றிரண்டு பேர். கூன், விரிசல் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பாய் வரிசைக்குள் அடங்கும் கூட்டம். காசநோய்க் கேள்விகளையும் எக்ஸ்ரேயையும் சிறுவங்கூரில் ஒரே பயணத்தில் முடித்துவிட்டு, பயிற்சியை மலையிலேயே நடத்தலாம். மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மாலை மேலே வந்தால் போதும். மற்ற நாட்களில் மாஸ்டர் எண்ணிக்கொண்டு நிற்பார்.

பெண்பிள்ளைகளின் உயரம் பெரும்பாலும் பதினைந்து வயதோடு நின்றுவிடும், வளைவு வேகமாக ஏறுவது அதற்கு முன், உயரம் வேகமாகக் கூடும் காலத்தில். எனவே ஏழாம், எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இடையில், தீபாவளியையும் மழை விடுமுறைகளையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எட்டு வாரம் கிடைக்கும்.